படையல் தின்ற லவ் பேர்ட்

கூடத்து ஜன்னலோரம், கட்டில் கிடந்த இடத்தில், சூரியகாந்தி விதைத் தோல்கள் கிடந்தன.

காலையில்தான் செல்வாம்பாள் அந்த இடத்தைப் பெருக்கி, குனிந்து ஈரத்துணியால் துடைத்திருந்தாள். இடுப்புவலி இன்னும் போகவில்லை. விதை டப்பா சமையலறை அலமாரியில் மூடி திருகியபடியே இருந்தது. அதைத் திறக்க அவளுக்கே இரண்டு கையும் வேண்டும். முசே தன் கூண்டின் மேல் உட்கார்ந்து, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தது. தின்று முடித்த பறவை செய்கிற வேலை அது.

“யாருடா குடுத்தா உனுக்கு?” என்று கேட்டாள்.

முசே ஒரு லவ் பேர்ட். ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற கோடு போட்ட சின்னக் குருவி இல்லை. உள்ளங்கை நிறையும் பச்சை உடம்பு, செம்மண் பூசின மாதிரி முகம், முரட்டு அலகு, ஆப்பிரிக்க ஜாதி. பேச வராது, கீச்சிடும், அவ்வளவுதான். அவள் டப்பாவைத் திறந்து ஒரு விதையை நீட்டினாள். விதைக்காக உயிரை விடுகிற பறவை, கல்யாண வீட்டில் மொய் வைத்தவர் மரியாதைக்குத் தாம்பூலம் வாங்குவது போல வாங்கி, அப்படியே கீழே போட்டது.

அணில் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கொசுவலை அடித்த ஜன்னல். வலையில் ஒரு கிழிசலும் இல்லை. தோல்களைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. தெருவில் கீரைக்காரம்மா கத்திக்கொண்டு போனாள். பட்டப்பகலில் பயந்தால் சிரிப்பார்கள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

உழவர்கரையில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கிற காலனியில் அவளுடையது ஓரத்து வீடு. புருஷன் ஆதிமூலம் மில்லில் வேலை பார்த்தபோது கட்டியது. மில்லும் மூடியது, அவருடைய வலது பக்கமும் ஒருநாள் காலையில் விழுந்துபோனது. வாயும் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கூடத்து ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில்தான் கிடந்தார். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கையில் ஒரு செம்பு மோதிரம். அதைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட்பேன் எடுத்து வை. விடாமல் தட்டினால் எதற்கும் இல்லை, கூப்பிட்டால் வந்து நிற்கிறாளா என்று பார்ப்பதற்கு. வந்து நிற்பாள். அவர் மேலும் கீழும் பார்ப்பார். போகலாம் என்று விரலை ஆட்டுவார். தாமதமானால் டம்ளர் பறக்கும், இல்லையென்றால் வேண்டுமென்றே படுக்கையிலேயே போய்விடுவார்.

நோயாளியை அப்படிப் பேசக் கூடாது என்பார்கள். நோய் வருவதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்போது விரலைச் சொடக்குவார். கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லானாலும் கணவன் என்று எழுதிவைத்தவனுக்கு, அந்தக் கல் தட்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போன தை மாதம் செத்துப்போனார். விரல் வீங்கியிருந்ததால் மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, அதோடு எரித்தார்கள். மறுநாள் சாம்பலைக் கிளறிப் பார்த்தார்கள், மோதிரம் கிடைக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு செல்வாம்பாள் கட்டிலைப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்தாள். சிவப்புச் சிமென்ட் தரையில் கட்டில் கால்கள் நின்ற இடத்தில் நான்கு துருக்கறை மட்டும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

கட்டில் போயும் காது கேட்டுக்கொண்டேயிருந்தது. எதிர்வீட்டில் ஆணி அடித்தால் எழுந்து ஓடினாள். குக்கர் மூடி ஆடினால் கையில் டம்ளரோடு கூடத்தில் நின்றாள். தூக்கம் போனது, கை நடுங்கியது, குழம்புக் கரண்டி பிடிக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் பாரதி ஒருநாள் போனில் சொன்னாள்.

“ம்மா, ஒரு லவ் பேர்ட் வாங்கி வளரேன். அதுக்கு எதுனா வித்தை சொல்லிக் குடுத்தா ரொம்ப நல்லதாம். அதுக்கும் பொழுது போவும், நம்ம கிட்ட பாசமாவும் இருக்கும். சொல்லிக் குடுக்கறவங்களுக்கு மனசு ஒரு எடத்துல நிக்குமாம். வீடியோ அனுப்பறேன் பாரு.”

“ஏன்டி, எனக்கு வித்தை காட்ட வேற ஆள் கெடைக்கலயா?”

“இல்லன்னா என்கூட வந்துடு. அந்த வூட்ட பூட்டிட்டு வா.”

“அதான் நடக்காது” என்றாள் செல்வாம்பாள். “இத்தினி வருசம் கழிச்சி இப்பதான்டி இது என் வூடு. இங்கதான் இருப்பேன். பயமில்லாம ஒரு மத்தியானம் கால நீட்டிப் படுக்கணும், அது போதும் எனக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தேவதாஸ் என்று ஒருவர் பறவை விற்பார். அவரிடம்தான் வாங்கினாள்.

“ஒத்தையா வாங்குறீங்க, அப்ப நீங்கதாம்மா அதுக்கு ஜோடி” என்றார். “சும்மா கூண்டுல போட்டு வெச்சீங்கன்னா தன் றெக்கயத் தானே புடுங்கிக்கும். வேல குடுங்க, பழக்குங்க. பழக்குனா கடிக்காது, கையக் கண்டு பயப்படாது, தொறந்து வுட்டாலும் ஓடாது. றெக்கய வெட்டித் தரட்டுமா?”

“வேணாம். அதுவாவது முழுசா இருக்கட்டும்.”

அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா கிழவர் ஒருவர், தொப்பி வைத்து மார்பை நிமிர்த்தி நடப்பார். பிள்ளைகள் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடும். பறவை கூண்டுக்குள் அதே நடை நடந்ததால் அதற்கும் அந்தப் பேரே வந்தது.

முதலில் கையைக் கூண்டுக்குள் சும்மா வைத்திருக்கச் சொன்னது வீடியோ. வைத்தாள். கடித்துக் கிழித்தது. மறுநாளும் வைத்தாள். கடி வாங்குவது அவளுக்குப் புதிதா என்ன? கொஞ்ச நாளில் கடிப்பதை விட்டுவிட்டு விரலை முகர்ந்தது. அப்புறம் வயிற்றுக்குக் கீழே விரலை நீட்டி “ஏறு” என்றாள். ஏறியது. உடனே நாக்கை ஒருமுறை சொடுக்கிவிட்டு விதை. அப்புறம் “சுத்து”. ஒரு சுற்று சுற்றியது, விதை. நூலில் கட்டிய சின்ன மணியை அலகால் இழுத்து அடித்தது. காலண்டர் தாளைக் கிழித்து நாடா நாடாவாக வால் இறகில் செருகிக்கொண்டு, மணப்பெண் மாதிரி கூடம் முழுக்க நடந்தது. கடைசியாக “வா”. எங்கே இருந்தாலும் அந்தச் சொல்லுக்குப் பறந்து வந்து விரலில் உட்கார வேண்டும்.

அதற்குத்தான் சத்தமாகக் கூப்பிட வேண்டியிருந்தது. செல்வாம்பாளுக்குச் சத்தம் வரவில்லை. மாமியார் காலத்திலிருந்தே குசுகுசுவென்று பேசிப் பழகிய தொண்டை. ஒருநாள் சாயங்காலம் அடிவயிற்றிலிருந்து “வா!” என்று கத்தினாள். ஜன்னல் கம்பியிலிருந்த பறவை பச்சையாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு வந்து விரலில் உட்கார்ந்தது. அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். தன் சொல்லுக்கு ஓர் உயிர் வருகிறது. இந்த வீட்டில் இப்படி நடந்ததே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. கைநடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. கடைக்காரனிடம் எடை குறைகிறது என்று சண்டை போட்டாள். மாத்திரையை நிறுத்தினாள். ஒருநாள் முசே கூப்பிட்ட உடனே வரவில்லை, திரும்பி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அதற்கு ஒரு விதையும் தரவில்லை. அது தலையைச் சாய்த்துச் சாய்த்து அவளையே பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. ஓகோ, இந்த ருசிதானா என்று நினைத்தாள். இதற்காகத்தான் அந்த ஆள் தட்டிக்கொண்டே கிடந்தாரா? நினைத்த உடனே வாயெல்லாம் கசந்துபோய், ஒரு பிடி விதையை அள்ளிப் போட்டாள்.

ஆடி அமாவாசை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அமாவாசைக்குப் படையல் போட வேண்டும் என்று நோணாங்குப்பத்திலிருந்து நாத்தனார் அஞ்சலாட்சி வந்துவிட்டாள். செத்தவருடைய தங்கை. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் ஊரைக் கூட்டுவாள். வடை, பாயசம், வாழைக்காய் எல்லாம் செய்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலை விரித்து வைத்து, கா கா என்று கூப்பிட்டார்கள். செத்தவர்கள் காக்கையாக வந்து தின்றால்தான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடலாம். காக்கைகள் வந்தன. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. இலையைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. வெயில் ஏறியது, வடையில் எறும்பு ஏறியது, சர்க்கரை வியாதிக்காரி அஞ்சலாட்சிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

“அண்ணி, நீ மனசாரக் கூப்புடல. அதான் அண்ணன் வர மாட்டேங்குது.”

“இன்னும் எப்படிக் கூப்புடணும்? தலைகீழா நிக்கட்டுமா?”

“உனக்கு அது போனதே சந்தோஷம். எனக்குத் தெரியாதா?”

செல்வாம்பாளுக்குச் சுருக்கென்றது. முசே அவள் தோளில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். அவள் விரலால் இலையைத் தட்டிக் காட்டி, அடிவயிற்றிலிருந்து, “வா!” என்றாள். முசே பறந்து போய் இலையோரம் இறங்கியது. சோற்றில் ஒரு பருக்கை எடுத்தது. அப்புறம் பாயசத்தில் அலகை விட்டது.

“காக்காதான் துன்னணும்னு எழுதியா வெச்சிகீது? இதுவும் பறவதானே” என்றாள் செல்வாம்பாள்.

பசியில் இருந்த அஞ்சலாட்சிக்கு வாயெல்லாம் பல். “ஐயோ, என் அண்ணன் துன்ற மாதிரியே கீது பாரேன்! சரி, எல போடு அண்ணி.”

அப்போது கம்பியிலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. இறக்கைச் சத்தம் மட்டும் தலைக்கு மேலே போனது. செல்வாம்பாள் அண்ணாந்து பார்த்தாள். நாத்தனாரின் வாயை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டார்கள். பாயசம் நன்றாக வந்திருந்தது.

அதற்கப்புறம்தான் விதைத் தோல்கள்.

முதல் நாள் கூட்டித் தள்ளினாள். இரண்டாம் நாளும் கிடந்தன, நான்கு துருக்கறைக்கு நடுவில், படுத்திருக்கிறவன் கையெட்டும் தூரத்தில். அன்றைக்கு டப்பாவைத் தூக்கிப் பார்த்தபோது கனம் குறைந்திருந்தது. மத்தியானங்களில் முசே அவளிடம் வருவதைக் குறைத்துக்கொண்டது. கூண்டின் மேல் உட்கார்ந்து கட்டில் கிடந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கும். தலையை ஒரு பக்கம் சாய்க்கும், மறுபக்கம் சாய்க்கும். பாடம் கேட்கும்போது அப்படித்தான் சாய்க்கும். திடீரென்று இடது பக்கமாக ஒரு சுற்று சுற்றும். அவள் பழக்கியது வலது பக்கம். சுற்றிவிட்டு, கழுத்தை நீட்டி, எதையோ வாங்கிக்கொள்வது போல அலகைத் திறக்கும்.

ஒருநாள் அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வெளியே மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. வடிகால் நாற்றத்தோடு கடற்காற்றின் உப்புப் பிசுபிசுப்பும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அதோடு இன்னொரு வாடையும். கோடாலித் தைலமும், மூத்திரத்தில் நனைந்து காய்ந்த விரிப்பும், எச்சில் வழிந்த தலையணையும் சேர்ந்த ஒரு வாடை. பினாயில் ஊற்றி ஊற்றி அவள் துரத்திவிட்ட வாடை. அவள் மூக்கு அதை அடையாளம் கண்டுகொள்வதற்குள் கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

டொக்.

இரும்பின் மேல் செம்பு.

முசே கூண்டைக் கொத்துகிறது. கொத்தாதா பின்னே? கம்பிதானே. மனதைத் தேற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முசே கூண்டில் இல்லை. அடுப்படி வாசலில், தரையில் நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்தது. முந்தானை நுனியை அலகால் பிடித்தது. இழுத்தது.

உள்ளங்கை அளவு பறவைக்கு என்ன பலம் இருக்கும்? உதறினால் சுவரில் போய் விழும். ஆனால் அவள் உதறவில்லை. முசே விட்டு விட்டு, இழுத்து இழுத்து, பின்னாலேயே நடந்து கூடத்துக்குள் போனது. துருக்கறைகளுக்கு முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அப்புறம் முந்தானையை விட்டுவிட்டு மூலைப் பக்கம் திரும்பி அலகைத் திறந்தது. கூலி கேட்கிற மாதிரி.

அவள் கீழே பார்த்தாள். அவளுடைய கையில் டம்ளர் இருந்தது. நிறையத் தண்ணீர். எப்போது மொண்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐயோ என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஐயோ குசுகுசுவென்றுதான் வந்தது.

யாரோ பறவைக்கு வித்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளைக் கூட்டிவருகிற வித்தை.

அன்றைக்குச் சாயங்காலமே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“அஞ்சல, முசேவ நீ கொண்டு போயிடு. கூண்டு, தீனி எல்லாம் தர்றேன்.”

“இன்னா அண்ணி, விளையாடுறியா? என் அண்ணன் படையல் துன்ன பறவ அது. அத வெளிய அனுப்பக் கூடாது. வூட்டுல வெச்சிப் பூஜ பண்ணு.”

“எனக்கு பயமா கீது அஞ்சல. தட்டுற சத்தம் கேக்குது.”

அஞ்சலாட்சி குரலைத் தாழ்த்தி, “தட்டுனா போய் இன்னான்னு கேளேன். இத்தினி நாளு செஞ்சவதானே?” என்றாள். வைத்துவிட்டாள்.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்? செல்வாம்பாள் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாரதி கூப்பிட்டபடி ஓசூருக்குப் போய்விடலாம். ஒரு பையில் நான்கு புடவை, போதும். அதை நினைத்த உடனே ஆத்திரம் மூண்டது. வாயில்லாமல் கிடந்தபோதும் இந்த வீட்டை அவர்தான் ஆண்டார். செத்தும் அவர்தான் ஆள வேண்டுமா? மருமகன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்க இவள் போக வேண்டுமா? முடியாது. வீடு அவளுடையது. பறவைதான் போக வேண்டும்.

அப்புறம் கொஞ்ச நாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓட்டினாள். கூண்டைச் சாத்தி வைத்தாள். கூண்டுக் கதவின் கொக்கியை முசே திறக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அதையும் அவள் கற்றுக் கொடுக்கவில்லை. தட்டுச் சத்தம் பஞ்சையும் மீறிக் கேட்டது. ஒரு தட்டு. இரண்டு தட்டு. ஒவ்வொரு தடவையும் முசே வந்து முந்தானையைப் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் போனாள். போய் நின்றாள். வெறும் மூலை. மேலும் கீழும் யாரோ பார்க்கிற மாதிரி உடம்பு கூசியது. கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் இரண்டு தட்டு கேட்டு, தூக்கிப் போட்ட பழைய பெட்பேனைத் தேடிக் கொல்லைப்புறம் வரைக்கும் போய்விட்டுத்தான் நினைவு வந்தது.

அன்றைக்கு முடிவு செய்தாள்.

வெயில் தாழ்ந்த நேரம். காலனிப் பெண்கள் குடிநீர்க் குழாயடியில் குடம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வாம்பாள் விரலை நீட்டி “ஏறு” என்றாள். முசே ஏறியது. இளஞ்சூடான சின்னக் கால்கள். அதன் வால் இறகில் இன்னும் ஒரு காலண்டர் நாடா செருகியிருந்தது. இந்தக் குருவி என்ன பாவம் செய்தது? விதை கொடுத்தவருக்கு வித்தை காட்டியது. கூப்பிட்டவரிடம் போனது. அவளும் அதைத்தானே செய்தாள், ஆயுசு முழுக்க.

மொட்டைமாடிக்கு ஏறினாள். கையை உயர்த்தினாள்.

“போ.”

அந்தச் சொல்லை அவள் பழக்கியதில்லை. முசே அவள் முகத்தைப் பார்த்தது. அவள் கையை உதறினாள். பறந்து ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. புடவைத் தலைப்பால் வீசினாள். மறுபடி வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்தாள். செருப்பு படவில்லை. ஆனால் முசே கீச்சென்று ஒரு தடவை கத்திவிட்டு, அடுத்த வீட்டுத் தென்னைக்கு மேலே போய், அதற்கும் அந்தப் பக்கம் போய், வெளிச்சம் மங்கிய வானத்தில் ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனது.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விட்டுது சனியன் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். குழாயடிச் சிரிப்பு கேட்டது. காற்று சில்லென்று இருந்தது. ஒற்றைச் செருப்போடு மெதுவாகப் படியிறங்கினாள்.

கீழே இறங்கும்போது மின்சாரம் போனது. காலனி முழுக்க ஒரு ஓ சத்தம். யாரோ மெழுகுவர்த்தி கேட்டார்கள். அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். கூடத்தில் ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் மட்டும். கூண்டு காலி. மணி அசையாமல் தொங்கியது. வாடை இல்லை. எதுவுமே இல்லை. நின்று கேட்டாள். எங்கோ ஒரு வண்டி, யாரோ குழந்தையை அதட்டுகிற குரல், அவள் மூச்சு. அவ்வளவுதான்.

அப்பாடா.

வாசற்படியிலேயே உட்காரலாம் என்று முழங்காலை மடக்கினாள்.

டொக்.

அவள் உட்காரவில்லை.

டொக். டொக். டொக்.

விடாமல்.

கூடத்தில் கட்டில் இல்லை. தட்டுவதற்கு இரும்பு இல்லை. அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் தரை. நான்கு கறை. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

காதோரம் காற்று விசிறியது. ஏதோ ஒன்று அவள் தலையை உரசிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே போனது. பச்சை.

“முசே” என்றாள். “வேணாம். முசே, வா. வா!”

சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்றுதான் வந்தது.

தட்டு நின்றது.

முசே இறங்கியது. துருக்கறைகளுக்கு நடுவே, தரையிலிருந்து கட்டில் உயரத்தில், வெறும் காற்றில் இறங்கியது. இறக்கையை மடக்கியது. உட்கார்ந்தது. கால் நகங்கள் வளைந்து எதையோ பற்றியிருந்தன. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு வெற்றிடம்.

அது தலையைக் குனிந்து கொடுத்தது. பிடரி இறகுகள் தானாக விலகின. ஒரு கோடு மெதுவாக மேலிருந்து கீழே போனது. மறுபடியும் மேலிருந்து கீழே. முசே கண்ணை மூடியது.

ஓடு. கதவு பின்னால்தான் இருக்கிறது. தெரு இருக்கிறது, குழாயடியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓடேன்டி. கால் நகரவில்லை. கூப்பிட்ட இடத்தில் வந்து நிற்கப் பழகிய கால். அதற்கு ஓடத் தெரியாது.

பறவை அசைந்தது. பறக்கவில்லை. மடக்கிய இறக்கை மடக்கியபடியே, உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே, மேலே ஏறியது. ஒரு சாண். நின்றது. படுத்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்தால் கை இருக்கும் உயரம். இருட்டுக்குள் ஒரு நீளமான மூச்சு, நெடுநாள் புரண்டு படுக்காத முதுகிலிருந்து வருகிற மூச்சு.

மறுபடி ஏறியது.

அவள் இடுப்புக்கு. மார்புக்கு. அவள் முகத்துக்கு நேராக.

நிற்கவில்லை.

அவள் தலைக்கு மேலே போனது. அவர் எவ்வளவு உயரமான ஆள் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அத்தனை வருஷம் படுத்த படுக்கையாகவே பார்த்த ஆள். பறவையை அண்ணாந்து பார்த்தாள். அது வாசல் நிலையின் மேல்சட்டத்துக்கு நேராக, நிற்கிற ஆண்பிள்ளை தலைக்கு நேரே தூக்கிப் பிடித்த விரல் உயரத்தில், சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

தரையில் ஒரு பாதம் ஊன்றும் சத்தம். அப்புறம், இன்னொன்றை இழுக்கும் சத்தம்.

முசே கண்ணைத் திறக்கவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அவளிடம் வந்துகொண்டிருந்தது.